ஒரு மெமரித் துண்டுக்காக நான் வாங்கிய கையெழுத்து

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா அவர்களுக்கு,

இதைக் கையில் எடுத்திருக்கும் தாங்கள் யாரென்று நான் அறியேன். ஆயினும் இவ்வாறு தொடங்கித்தான் எனக்குப் பழக்கம். எத்தனையோ ஆண்டுகள் பிறருடைய குறைகளை இந்த விளிச்சொல்லோடு தொடங்கி, பிறருடைய பெயரில் முடித்துக் கொடுத்திருக்கிறேன். இந்தப் பக்கங்களில் மட்டும் குறை என்னுடையது. ஒரு மனிதர் எனக்குச் செய்ததையும், அதற்கு ஈடாக நான் அவருக்குச் செய்ததையும் நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். இறுதியில் அவரை மன்னித்துவிட்டதாக எழுதுவேன் என்று தாங்கள் எதிர்பார்த்தால் இப்போதே மூடி வைத்துவிடலாம். மன்னிக்கவில்லை.

நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து, தட்டச்சுப் பயிலகத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்துக்கொண்டே தமிழ்த் தட்டச்சைக் கற்றேன். அரசாங்கச் சுற்றறிக்கைகளையும் பழைய தீர்ப்புகளின் நகல்களையும் திரும்பத் திரும்பப் படித்து, வாக்கியம் அமைக்கும் முறையை நானே பழகிக்கொண்டேன். 1989-ஆம் ஆண்டு திருவண்ணாமலை ஒரு மாவட்டத்தின் தலைநகரானது. ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு புங்கமரத்தடியில் மேசையையும் தட்டச்சுப் பொறியையும் போட்டு, மனு எழுதுபவனாக உட்கார்ந்தேன். திங்கட்கிழமைதோறும் குறைதீர்க்கும் நாள். பேருந்துகளில் வந்து இறங்குவோர் நேரே என் மரத்துக்கு வருவார்கள். எதிரில் ஒரு ஸ்டூல் போட்டிருப்பேன். அதில் உட்கார்ந்து அவர்கள் சொல்வார்கள், நான் அடிப்பேன். பத்து ஆண்டுகள் இப்படிக் கழிந்தன.

பிறகு சாலையின் மறுபக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் திறக்கப்பட்டது. அதன் உரிமையாளரைக் கடைக்காரர் என்றே குறிப்பிடுகிறேன். என்னைவிட இருபது வயது இளையவர், பேச்சில் சர்க்கரை. அவர் தொழில் செய்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் என் மரத்தை நோக்கி நடந்தவர்களை வழியிலேயே நிறுத்தி, "டைப்ரைட்டர் மனுவெல்லாம் இப்ப உள்ள வாங்கறதில்லீங்க, கம்ப்யூட்டர்ல அடிச்சாத்தான்" என்று சொல்லத் தொடங்கினார். அது பொய். உள்ளே இருந்த ஒரு எழுத்தரிடம் நானே கேட்டேன். "கைல எழுதினாலும் வாங்குவோம், யாருங்க சொன்னது?" என்று சிரித்தார். ஆனாலும் அந்தப் பொய் பேருந்து நிலையம்வரை போய்ச் சேர்ந்தது. ஆண்டு இரண்டு முடிவதற்குள் என் ஸ்டூல் பெரும்பாலும் காலியாகவே கிடந்தது.

அந்த நிலையில்தான் எனக்கு ஒரு லேப்டாப் கிடைத்தது. செங்கம் சாலையில் ஆசிரமத்தின் பக்கம் வாடகை அறையில் தங்கியிருந்த வெளிநாட்டவர் ஒருவருக்கு, தொலைந்த சைக்கிள் பற்றிக் காவல் நிலையத்துக்கு ஒரு மனு அடித்துக் கொடுத்திருந்தேன். சைக்கிள் கிடைத்துவிட்டது. என் மனுவினால்தான் கிடைத்தது என்று அவர் உறுதியாக நம்பினார். ஊருக்குத் திரும்பும்போது, மூலையில் விரிசல் விட்ட தம் பழைய லேப்டாப்பையும், ஒரு பை நிறையச் சிடிக்களையும், கனமான ஒரு ஆங்கிலக் கையேட்டையும் என் மேசைமீது வைத்துவிட்டுப் போனார். அதில் இருந்தது லினக்ஸ். ஊரில் எல்லாரும் பயன்படுத்திய சிஸ்டம் அல்ல.

என் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் காகிதத்தையும் கையை விட்டு அனுப்புவதற்கு முன் நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். லேப்டாப்பை முதன்முதலாகத் திறந்தபோது, லினக்ஸ் எழும்பும் நேரத்தில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வரிவரியாக ஓடின. அவற்றின் பொருள் எனக்கு விளங்கவில்லை. விளங்காவிட்டால் என்ன, நகல் எடுக்கலாமே? அந்த வரிகளை மறுபடி வரவழைத்து நிறுத்திப் பார்ப்பதற்கான கட்டளை கையேட்டில் இருந்தது. இரண்டு பகல்கள் உட்கார்ந்து, ஒரு எழுத்து விடாமல், ஒரு நீள நோட்டில் பதினோரு பக்கங்களுக்கு எழுதி, அடியில் 'ஒப்பு நோக்கப்பட்டது' என்று எழுதி, தேதியிட்டு வைத்தேன்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை இயந்திரத்துக்குப் பூசை போட்டேன். பத்தாம் நாள் அதைத் திறந்தபோது விளக்கு எரிந்தது, உள்ளே ஏதோ சுழலும் ஓசை கேட்டது, திரை மட்டும் இருண்டு கிடந்தது.

அக்காலத்தில் எங்கள் ஊரில் லேப்டாப்பைத் திறந்து பார்க்கத் தெரிந்ததாகச் சொல்லிக்கொண்டவர் ஒருவரே. அவர் அந்தக் கடைக்காரர். வேறு வழியின்றிச் சாலையைக் கடந்து போய்க் கொடுத்தேன். எட்டு நாட்கள் வைத்திருந்தார். ஒன்பதாம் நாள் திங்கட்கிழமை. கடையில் நல்ல கூட்டம். என்னைப் பார்த்ததும் உரக்கவே சொன்னார்:

"பெரியவரே, போர்டு போச்சு. இது இனிமே எழுந்துக்காது. வெள்ளக்காரன் குப்பைல போடறதுக்குப் பதிலா உங்க தலைல கட்டிட்டுப் போயிட்டான்."

"சரி செய்ய வழியே இல்லீங்களா?" என்றேன்.

"இட்லி தட்டா யூஸ் பண்ணலாம். இல்லாட்டி கம்மி வெலைக்கு எனக்கே குடுத்துடுங்க, பார்ட்ஸுக்கு வெச்சிக்கிறேன். நீங்க போய் உங்க டைப்ரைட்டருக்கு எண்ணெ போடுங்க."

கூட்டம் சிரித்தது. அதில் என்னிடம் மனு எழுதியவர்களும் இருந்தார்கள். நான் லேப்டாப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

செங்கம் சாலையில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. அதை நடத்தியவர் நான்கு தலைமுறையாக இவ்வூரில் வாழும் இஸ்லாமியக் குடும்பத்துப் பெண்மணி. வெளிநாட்டு விருந்தினர்களின் இயந்திரங்களைப் பார்த்துப் பார்த்தே பாதி வித்தை கற்றவர். மேலும் தெரிய வேண்டியதை இணையத்தில் கேள்வி போட்டு, எங்கெங்கோ இருப்பவர்களின் பதிலைத் தாளில் எடுத்துத் தருவார். அவரிடம் போய்ச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து ஒரு தாளை நீட்டினார்.

"சார், டார்ச் அடிச்சுப் பாக்கச் சொல்றாங்க."

அவரே டார்ச் விளக்கை எடுத்து, இருண்ட திரைமீது சாய்வாக ஒளியைப் பாய்ச்சினார். வெளிச்சம் பட்ட இடத்தில் மங்கலாக எழுத்துகள் தெரிந்தன.

"பாத்தீங்களா! இது செத்துப் போகல சார். கண்ண மூடிகினு உக்காந்துகினு இருக்குது. நீங்க தொறந்தாலும், மூடியிருக்கறதா நெனச்சுகினு லைட்ட அணைச்சிட்டுது. இங்க பாருங்க, கீலு பக்கத்துல ஒரு சின்ன குமிழு இருக்கணும். மூடினா அமுங்கும், தொறந்தா எழுந்துக்கும்." அவர் விரலால் தடவினார், பிறகு விரலை முகர்ந்தார். "இன்னா சார் இது, சந்தனமா?"

அது சந்தனம்தான். நான் வைத்த சந்தனம். நான்கு மூலைகளுக்கு வைத்தது போதாதென்று கீலின் இரு பக்கமும் வைத்து, அதன்மேல் குங்குமமும் இட்டிருந்தேன். பொட்டு காய்ந்து இறுகி, அந்தக் குமிழை எழ விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

"பூச போட்டீங்க, சரி. கண்ணுக்குள்ளயா சார் பொட்டு வெப்பாங்க?" என்று அந்த அம்மையார் சிரித்தார். அவர் சிரித்தது எனக்கு வலிக்கவில்லை. ஈர்க்குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து, சிறிது சிறிதாகக் கரைத்து எடுத்தார். குமிழ் டக்கென்று எழுந்தது. திரையில் வெளிச்சம் வந்தது. தவறு என்னுடையது என்பதை மறைக்காமல் பதிவு செய்கிறேன். ஆனால் போர்டு போகவில்லை என்பதும் அந்த நிமிடமே தெளிவாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து இயக்கியபோது, முன்பு தேநீர் ஆறுவதற்குள் எழுந்துவிடும் இயந்திரம் இப்போது திணறித் திணறி எழுந்தது. நகல் நோட்டை எடுத்தேன். புதிதாக ஓடிய வரிகளையும் அதேபோல் முழுமையாக எழுதினேன். பிறகு பத்திரங்களை ஒப்பிடும் முறைப்படி, இடது கைவிரல் பழைய பக்கத்திலும் வலது கைவிரல் புதிய பக்கத்திலுமாக வரிவரியாக இறங்கினேன். மூன்றாம் பக்கத்தில் விரல்கள் நின்றன. மெமரி என்று தொடங்கும் வரியில் முன்பு இருந்த எண்ணில் இப்போது சரிபாதிதான் இருந்தது.

மறுநாள் அந்த அம்மையார் லேப்டாப்பைத் திருப்பி, அடியில் இருந்த சிறிய மூடியைக் கழற்றிக் காட்டினார். சுண்டுவிரல் நீளப் பச்சைத் துண்டு ஒன்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் அதே அளவுக்கு ஒரு காலி இடம்.

"இதான் மெமரி. ரெண்டு இருந்திருக்குது சார். ஒண்ண உருவிட்டாங்க."

நான் இரண்டு நகல்களையும் எடுத்துக்கொண்டு கடைக்காரரிடம் போனேன். அன்றும் திங்கட்கிழமை என்பது தற்செயல் அல்ல. எல்லார் முன்பும் கேட்க வேண்டும் என்றே அந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன். அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"யாரு எழுதினது இது?"

"நான்தான்."

"நீங்களே எழுதி நீங்களே வெச்சிகினா அது ஆதாரமா? யாராவது கையெழுத்து போட்டிருக்காங்களா? நான் போட்டிருக்கேனா?" என்று கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "ஊருக்கெல்லாம் ஆதாரம் இணைக்கணும்னு சொல்லிக் குடுக்கறவரு, இவருகிட்டயே ஆதாரம் இல்ல! பெரியவரே, வயசாயிடுச்சு, எங்கயாவது வெச்சிட்டு மறந்திருப்பீங்க. போயிட்டு வாங்க."

மறுபடியும் சிரிப்பு. நோட்டை மூடிக்கொண்டு மரத்தடிக்கு வந்து உட்கார்ந்தேன். அந்த நாற்காலியில் அமர்ந்தபடியே ஒரு முடிவு செய்தேன். அந்தத் துண்டு எனக்குத் திரும்பி வர வேண்டும். அதை எடுத்ததாக அவரே சொல்ல வேண்டும். அந்தச் சொல் ஒரு திங்கட்கிழமை, கூட்டத்தின் முன்பு, அவர் கையெழுத்தோடு வர வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் ஏற்பதில்லை.

"சார், மெட்ராஸ்ல இந்தத் துண்டு கெடைக்கும், யாராவது போறப்ப வாங்கிட்டு வரச் சொல்லலாம்" என்றார் பிரவுசிங் சென்டர் அம்மையார்.

"வேற துண்டு வேணாம்மா. என் துண்டுதான் வேணும்."

"கோவம் ரொம்ப ஜாஸ்தி சார் உங்களுக்கு. மொதல்ல தண்ணி குடிங்க."

நான் தண்ணீர் குடித்தேன். கோபம் குறையவில்லை.

அதன்பின் பதினான்கு மாதங்கள், பாதி மெமரியோடு அந்த லேப்டாப்பை மனு எழுதும் இயந்திரமாக மாற்றப் போராடினேன். படங்களோடு கூடிய நிறுவும் முறை, மெமரி போதவில்லை என்று தொடக்கத்திலேயே நின்றது. எழுத்துகள் மட்டும் வரும் முறையில் நிறுவினேன். அழகான முகப்புகளை எல்லாம் நீக்கிவிட்டு, மிக எளிய ஒன்றை வைத்தேன். முழு அதிகாரம் கொண்ட பயனராக நுழைந்து, கட்டளையில் ஒரு இடைவெளியைத் தவறாக அடித்து, இயந்திரத்தில் இருந்த அனைத்தையும் ஒரு நொடியில் அழித்தேன். மறுபடி நிறுவினேன். அதே தவறை இன்னொரு முறையும் செய்தேன் என்பதை ஒளிக்கவில்லை. தமிழ் எழுத்துரு வந்தபோது, சொற்களுக்கு நடுவே புள்ளிகளால் ஆன சிறு வட்டங்கள் தோன்றின. இயந்திரம் பழுது என்று ஒரு மாதம் நினைத்திருந்தேன். தட்டச்சுப் பொறியில் கொம்பை முதலில் அடித்து எழுத்தைப் பின்னால் அடித்த என் விரல்களே காரணம் என்று பிறகு கண்டேன். முப்பதாண்டுப் பழக்கத்தை மாற்ற வேண்டியிருந்தது. பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஒன்றை இணைத்தால், ஒவ்வொரு மனுவும் முந்தையதைவிட ஓரங்குலம் கீழே இறங்கி அச்சானது. தாளின் நீளத்தைக் குறிக்கும் ஒரே ஒரு வரியைத் திருத்த வேண்டும் என்பதை, அம்மையார் எடுத்துத் தந்த பதில் தாள்களின் கத்தை ஒன்றிலிருந்து தேடி எடுத்தேன்.

ஒரு விசையைத் தட்டியபின் எழுத்து திரையில் தோன்றுவதற்குச் சிறிது நேரம் ஆகும். பாதி மெமரிக்கு அவ்வளவுதான் முடியும். அந்தச் சிறிய காத்திருப்பில் ஒவ்வொரு முறையும் கடைக்காரரின் முகம் எனக்குத் தோன்றும். ஒரு நாளைக்கு எத்தனை எழுத்துகள் அடிப்பேன் என்பதைத் தாங்களே எண்ணிக்கொள்ளலாம். என்னைப் பொறுமைசாலி என்று பலரும் புகழ்ந்தார்கள். அது பொறுமை அல்ல.

பக்கத்துத் தேநீர்க் கடையிலிருந்து மின்கம்பி இழுத்து, லேப்டாப்போடும் பிரிண்டரோடும் மரத்தடியில் உட்கார்ந்தபின் மக்கள் மெல்லத் திரும்பினார்கள். மின்சாரம் நின்றால் எதிர்க்கடை இருண்டுவிடும். என் திரை எரியும். மின்சாரம் வந்ததும் அச்சிட்டுக் கொடுப்பேன். கடைக்காரர் வாசலில் நின்று பார்ப்பார். நானும் பார்ப்பேன். எங்களுக்குள் பேச்சு இல்லை.

இனி அந்தத் திங்கட்கிழமை.

காலை பத்து மணி அளவில் எதிர்க்கடையில் சத்தம் கேட்டது. வீட்டுமனைப் பட்டா கேட்டு ஒரு கிராமமே வந்திருந்தது. அறுபது குடும்பங்களின் மனுக்களையும் முந்தைய வாரமே கடைக்காரர் அடித்து வைத்திருந்தார். அன்று அச்செடுத்துக் கையெழுத்து வாங்கி உள்ளே கொடுக்க வேண்டும். ஆனால் யாரோ கொண்டுவந்த பென் டிரைவிலிருந்து வைரஸ் நுழைந்து, கடையின் எல்லா இயந்திரங்களும் எழும்பாமல் நின்றுவிட்டன. விவரக் குறிப்புத் தாள்களைக் கூட அவர் கசக்கிப் போட்டிருந்தார். எல்லாம் அந்த டிஸ்க்குக்குள் இருந்தன.

பதினொரு மணிக்கு அவர் சாலையைக் கடந்து என் மரத்தடிக்கு வந்தார். பின்னாலேயே கிராமத்தாரும் வந்தார்கள்.

"சார்..." என்றார். அதுவரை நான் அவருக்குப் பெரியவர், அன்று சார். "உங்ககிட்ட ஒரு சிடி இருக்குதாமே. அதப் போட்டா டிஸ்க்கத் தொடாமயே மெஷினு எழுந்துக்குமாமே."

"இருக்குது."

"கொஞ்சம் வந்து போட்டுக் குடுங்க சார். ஊர்க்காரங்க நிக்கறாங்க."

"உக்காருங்க" என்று ஸ்டூலைக் காட்டினேன்.

"உக்கார நேரமில்ல சார்."

"மொதல்ல ஒரு மனு எழுதணும். நீங்க சொல்லுங்க, நான் அடிக்கறேன்."

"இன்னா மனு?"

"என் லேப்டாப்புல இருந்து எடுத்த மெமரியப் பத்தி."

அவர் முகம் மாறியது. கூட்டத்தைப் பார்த்தார். கிராமத்தாரில் முன்னால் நின்ற ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர், "இன்னாய்யா அது மெமரி? எங்க மனு இன்னாச்சு?" என்றார்.

"இவரு மனு குடுத்தவுடனே உங்க மனு வரும்மா" என்றேன்.

கடைக்காரர் உட்கார்ந்தார். நான் அடிக்கத் தொடங்கினேன். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் முறைப்படி. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"ரிப்பேருக்கு வந்தப்ப கவனக்கொறவா ஒரு துண்டு மாறிப்போச்சுன்னு போடுங்க."

"மாறிப்போகல. எடுத்தீங்க."

"சரி, எடுத்தேன்னே போடுங்க. தெரியாம எடுத்துட்டேன்."

"லேப்டாப்பக் கவுத்துப் போட்டு, ஸ்க்ரூவக் கழட்டி, மூடியத் தூக்கி, தெரியாம எடுத்தீங்களா?"

கூட்டம் சிரித்தது. பதினான்கு மாதங்களாக நான் காத்திருந்த சிரிப்பு அது. தித்தித்தது என்று எழுத எனக்கு வெட்கமில்லை.

"சார், அந்த ஒரு வார்த்தைய மட்டும் விட்டுடுங்க சார். ஊர்ல கட நடத்தறவன்."

"தெரிந்தே எடுத்தேன். இதுதான் வாக்கியம். வேணாம்னா எழுந்து போகலாம்."

அவர் எழவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பெண்மணிக்குப் பொறுக்கவில்லை.

"எப்பா, தெரிஞ்சேதான் எடுத்தேன்னு சொல்லித் தொலையேன்! உள்ள ஆபீசருங்க எழுந்துடப் போறாங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீயும் லேசுப்பட்ட ஆளு இல்லய்யா. உங்க ரெண்டு பேரு சண்டைக்கு நாங்கதான் கெடச்சமா?"

"தெரிஞ்சே எடுத்தேன்" என்றார் கடைக்காரர், தரையைப் பார்த்து.

"சத்தமா."

"தெரிஞ்சே எடுத்தேன் சார்!"

அச்செடுத்து நீட்டினேன். கையெழுத்திட்டார். சாட்சிக்கு அந்தப் பெண்மணியைக் கேட்டேன். மை டப்பாவை எடுத்தேன்.

"ரேகை எதுக்கு? ராத்திரி ஸ்கூல்ல கத்துகினேன், கையெழுத்தே போடுவேன். பேனாவக் குடு" என்று வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார்.

இந்த மனுவுக்கு இருபது நிமிடங்கள் ஆயின.

பிறகு சிடியை எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்தேன். அவருடைய இயந்திரத்தில் அதைப் போட்டதும், டிஸ்க்கைக் கேட்காமலேயே லினக்ஸ் எழுந்தது. வைரஸ் ஒளித்து வைத்திருந்த கோப்புகள் எல்லாம் அங்கே கண்முன் கிடந்தன. பென் டிரைவில் எடுத்து என் லேப்டாப்பில் திறந்தால், தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். அவர் பயன்படுத்தியது பழைய வகை எழுத்துரு. மறுபடி போய், அந்த எழுத்துருக் கோப்பையே அவருடைய டிஸ்க்கிலிருந்து தேடி எடுத்து வந்து, என் இயந்திரத்தில் உரிய இடத்தில் வைத்து, பட்டியலைப் புதுப்பிக்கும் கட்டளையை இட்டேன். குவியல் தமிழானது. கிராமத்தார் ஒவ்வொருவராகத் தங்கள் பெயரைத் திரையில் கண்டுபிடித்துச் சொன்னார்கள். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கிறீச்சிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளியது.

ஐம்பது மனுக்கள் உள்ளே போயின. மீதி பத்து அச்சாகி முடிவதற்குள் மனு வாங்குவது நின்றுவிட்டது. அந்தப் பத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட பெண்மணியின் மனுவும் ஒன்று. அவர் தாளை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

"உங்க சண்டைக்குச் சாட்சி போட்டேன். என் மனு மட்டும் உள்ள போகல" என்றார். நான் அந்த இருபது நிமிடங்களை எண்ணிப் பார்த்தேன். அவை கடைக்காரரிடமிருந்து நான் எடுத்தவை என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை அந்தப் பத்துக் குடும்பத்தாரும் மறுபடி பேருந்து ஏறி வந்தார்கள். அவர்களோடு நானே வரிசையில் நின்று, மனுக்கள் வாங்கப்படும்வரை இருந்தேன். அந்தப் பெண்மணி என்னிடம் பேசவில்லை. அதில் எனக்குக் குறை இல்லை. அவருக்கு நான் செய்தது தவறு. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை ஆட்டினாரா, வெயிலுக்கு முகத்தைத் திருப்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மெமரித் துண்டு வந்த கதையையும் முடிக்கிறேன். கடைக்காரர் மறுநாள் ஒரு துண்டைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தார். பொருத்திப் பார்த்தால் லேப்டாப் பீப் பீப் என்று கத்தியதே தவிர எழவில்லை. "இது என்னுது இல்ல" என்றேன். "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார். மனுவை மேசையறையிலிருந்து எடுத்து, முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். மூன்றாவது வரியில் அவர் சாலையைக் கடந்தார். அரைமணி கழித்து உண்மையான துண்டு வந்தது. அது இத்தனை நாளும் அவருடைய சொந்த லேப்டாப்பில் இருந்திருக்கிறது. பொருத்தினேன். இயந்திரம் எழுந்தது, தட்டிய எழுத்து தட்டிய கணமே தோன்றியது. அன்று முழுவதும் வேலை எதுவும் இல்லாமலேயே அடித்துக்கொண்டிருந்தேன்.

சில ஆண்டுகளுக்குப் பிறகு, கடைக்காரர் ஒரு நாள் பிற்பகல் வந்தார். ஸ்டூலில் உட்காரவில்லை; நின்றார். உள்ளூர்க் கடைக்காரர்கள் சேர்ந்து நடத்தும் சங்கத்தில் அவரைப் பொறுப்புக்கு நிறுத்தப் போவதாகப் பேச்சு இருந்தது.

"சார், அந்தப் பேப்பர கிழிச்சிப் போட்டுடுங்க சார். நடந்தது நடந்துபோச்சு. நானும் துண்டக் குடுத்துட்டேன்."

"குடுத்துட்டீங்க."

"அப்புறம் இன்னா சார்? இன்னும் எதுக்கு அத வெச்சிகினு?"

"எல்லார் முன்னாடியும் என்னப் பொய்யனாக்கினீங்க. அத எப்படித் திருப்பிக் குடுப்பீங்க?"

அவர் மீசையைத் தடவிக்கொண்டார். வயது அவருக்கும் ஏறியிருந்தது, மீசையில் வெள்ளை. அதைப் பார்த்து என் மனம் இளகும் என்று நானே எதிர்பார்த்தேன். இளகவில்லை.

"கிழிக்க மாட்டேன்" என்றேன். அவர் போய்விட்டார். சங்கப் பொறுப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. நான் அந்தத் தாளை யாரிடமும் காட்டவில்லை என்று சத்தியம் செய்ய முடியாது. கேட்ட இருவரிடம் காட்டினேன்.

இது பெருந்தன்மை அல்ல என்று என் மகன் சொல்கிறான். அவன் சொல்வது சரி. அந்தத் தாள் இந்தப் பக்கங்களோடு சேர்த்துத் தைக்கப்பட்டுள்ளது. சாட்சிக் கையெழுத்து தெளிவாகத் தெரிகிறது.

ஆகையால் ஐயா அல்லது அம்மா, இந்த விவரத்தை இணைப்போடு சேர்த்துத் தாங்கள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.